கடலின் போக்கும் நம் ஊர்க் காற்றும்

சென்ற பங்குனி மாதம் நம் சங்கத்தின் கூட்டம் நடைபெற்றபொழுது இரண்டு பொருள்கள் மேசையின்மீது வைக்கப்பட்டன. ஒன்று, கிணற்றுப் பாசனத்தில் நிலக்கடலை பயிரிட்டிருந்த உறுப்பினர் ஒருவர் பிடுங்கி வந்த செடி. அதன் அடியிலைகளின் மேற்புறத்தில், நரம்புகளுக்கு இடையே, ஊசியால் குத்தியது போன்ற செம்பழுப்புப் புள்ளிகள் எண்ணற்றுக் காணப்பட்டன. மற்றொன்று, நெசவாளர் ஒருவர் கொண்டுவந்த நீலநிற நூற்புடவை. ஐந்து மாத காலம் விற்பனையாகாமல் வெளிச்சம் குறைந்த அறையில், திறந்த அலமாரியில் இருந்த அப்புடவை, மடிப்பின் விளிம்புகளில் மட்டும் வெளுத்திருந்தது. மடிப்புக்குள் நீலம் சிறிதும் குன்றவில்லை.

உழவர் விதையைக் குறை கூறினார். நெசவாளர் சாயத்தைக் குறை கூறினார். நூலுக்குச் சாயம் தோய்த்துக் கொடுத்தவருக்குச் சேரவேண்டிய கூலியில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க வேண்டும் என்றும் கருத்து எழுந்தது. அவரும் நம் உறுப்பினரே. அவர் எழுந்து, "வெயில் படாத துணி வெளுத்ததற்கு நான் என்ன பதில் சொல்வேன், ஐயா? உள்மடிப்பில் நிறம் நிற்கிறதே, அதையும் பாருங்கள்" என்றார். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. ஆகவே முடிவு தள்ளிவைக்கப்பட்டது. விவரம் அறிந்து எழுதும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டது.

இலையில் தோன்றிய புள்ளிக்கும் புடவையில் தோன்றிய வெளுப்புக்கும் ஒரு தொடர்பு இருக்கக்கூடும் என்று அன்று எவரும் எண்ணவில்லை. நாமும் எண்ணவில்லை. ஆயினும் நூல்களைப் புரட்டவும், அறிந்தோரைக் கேட்கவும் தொடங்கியபின், இரண்டு வழிகளும் ஒரே வாயுவினிடத்தில் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தின. அதன் பெயர் ஓசோன். அது நம் ஊரில் ஓராண்டு மிகுவதும் ஓராண்டு குறைவதும் ஏன் என்று கேட்டபொழுது, விடை உத்திரமேரூரில் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் பெருங்கடலில் கிடைத்தது. அவ்வரலாற்றை உறுப்பினர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓசோன் என்பது யாது?

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கின்றன. மூன்றாவது அணு ஒன்று அவற்றோடு ஒட்டிக்கொண்டால் அதுவே ஓசோன். மின்பொறி பறக்கும் இடத்தில் எழும் ஒருவிதக் காரமான நெடி அதனுடையதே. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், ஷோன்பைன் என்னும் ரசாயன அறிஞர் இவ்வாயுவை இனம் கண்டு, 'மணப்பது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இதற்குப் பெயரிட்டார்.

மூன்றாவது அணு நிலையாக ஒட்டியிருப்பதன்று. கிடைத்த பொருளின்மீது தாவி அதனை அரிக்கும் இயல்பு உடையது. இரும்பைத் துரு அரிப்பதுபோல, இலையின் உட்சதையையும், சாயத்தின் நிறத்தையும், ரப்பரையும், மனிதரின் சுவாசப் பையையும் ஓசோன் அரிக்கிறது.

'ஓசோன் படலம் நம்மைக் காப்பாற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் கற்பிக்கிறார்களே' என்று உறுப்பினர் கேட்கலாம். அதுவும் உண்மையே. ஆகாயத்தில் உள்ள ஓசோனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெகு உயரத்தில் இருக்கிறது. அங்கே இருந்துகொண்டு, சூரியனின் தீய கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது. எஞ்சிய பத்துப் பங்கு நம் தலைக்கு மேலுள்ள காற்றில் கலந்திருக்கிறது. கூரைமேல் இருக்கவேண்டிய ஓடு கூடத்தில் கிடந்தால் காலை வெட்டுவதுபோல, மேலே நன்மை செய்யும் பொருள் கீழே தீமை செய்கிறது. இக்கட்டுரை பெரும்பாலும் கீழுள்ள ஓசோனைப் பற்றியதே.

கீழுள்ள ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வருவதன்று. மோட்டார் வண்டிகள், தொழிற்சாலைகள், எரிக்கப்படும் வைக்கோல், குப்பை ஆகியவற்றின் புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வேறு ஆவிகளும் உள்ளன. அவற்றின்மீது கடும் வெயில் பட்டு, சில மணி நேரம் கழிந்தபின்னரே ஓசோன் உண்டாகிறது. அதற்குள் காற்று அப்புகையை ஊருக்கு வெளியே தள்ளிச் செல்கிறது. மேலும், நகரத்தின் நடுவே வண்டிகளிலிருந்து அப்பொழுதுதான் வெளிப்பட்ட புகை, ஓசோனை ஓரளவு அழித்தும் விடுகிறது. ஆகையால் புகை எழுப்பும் நகரத்தைவிட, அந்தக் காற்று போய்ச் சேரும் கிராமத்தில் ஓசோன் மிகுந்திருப்பது உலகெங்கும் காணப்படும் நிகழ்ச்சியாகும். சென்னையும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளும் நமக்கு வெகு தொலைவில் இல்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும்.

கோடைக்கானலில் தொடங்கிய கணக்கு

ஓசோனை அளக்கும் வேலையில் நம் நாடு பின்தங்கியிருந்ததில்லை. இங்கிலாந்து நாட்டு டாப்ஸன் என்னும் அறிஞர், உலகத்தின் பல பகுதிகளில் ஓசோன் எவ்வளவு உள்ளது என்று அறிய விரும்பி, 1928-29 ஆம் ஆண்டுகளில் தம் கருவிகளைச் சில இடங்களுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று நம் கோடைக்கானல். பின்னர் 1957 ஆம் ஆண்டு முதல் அங்கே முறையான அளவைகள் எடுக்கப்பட்டன. கோடைக்கானலின் மீதுள்ள ஓசோன் முழுவதையும் ஒன்றுதிரட்டித் தரைமட்டத்திற்குக் கொண்டுவந்து பரப்பினால், அது ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் கனமே இருக்கும். உலகத்தைக் காக்கும் போர்வை அவ்வளவு மெல்லியது.

பாலக்காட்டுப் பகுதியிலே பிறந்த கே. ஆர். இராமநாதன், ஆமதாபாத்திலுள்ள பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் இயக்குநராக இருந்து, ஓசோன் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றார். 1918 ஆம் ஆண்டு பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மணி அம்மையார், இந்திய வானிலைத் துறையில் பணியாற்றி, பலூனில் கட்டி மேலே அனுப்பி ஓசோனை அளக்கும் கருவியை நம் நாட்டிலேயே செய்வித்தார். அக்கருவிகள் திருவனந்தபுரம், புனே, டில்லி ஆகிய இடங்களிலிருந்து மேலே சென்று, எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் என்று கணக்குக் கொண்டுவந்தன.

நமக்கு அண்மையில் நடந்த அளவை ஒன்றும் உண்டு. நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், திருப்பதியை அடுத்த காதங்கி என்னும் சிற்றூரில் மத்திய அரசாங்கத்தின் வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே தரையை ஒட்டிய ஓசோனை ஆண்டு முழுவதும் அளந்து பார்த்தனர். பங்குனியை ஒட்டிய மாதங்களில் மிகுதியாகவும், ஆவணியை ஒட்டிய மழைக்காலத்தில் மிகக் குறைவாகவும் இருக்கக் கண்டனர். காதங்கியும் நம்மைப்போலக் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிய கிராமப்புறமே. ஆகவே அக்கணக்கு நமக்கும் வழிகாட்டியாகும்.

மழைக்காலத்தில் குறைவதற்குக் காரணம், மழை ஓசோனைக் கழுவிவிடுவதன்று. ஓசோன் நீரில் எளிதில் கரைவதில்லை. மேகம் வெயிலை மறைப்பதால் புதிய ஓசோன் உண்டாவது குறைகிறது. கடலிலிருந்து வரும் காற்று புகை கலவாதது. அதிலுள்ள நீராவி, சூரிய ஒளியின் துணையோடு, இருக்கின்ற ஓசோனையும் தின்றுவிடுகிறது. இந்த இரண்டு காரணங்களையும் உறுப்பினர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். மேகமும் கடற்காற்றும் வரும் ஆண்டில் ஓசோன் குறையும். அவை வராத ஆண்டில் மிகும். அவை வருவதும் வராமற் போவதும் எதைப் பொறுத்தன என்பதே அடுத்த வினா.

கடலின் ஊசல்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை நம் முன்னோர் வாய்வழியாகக் கேட்டிருப்பர். அதன்பின் 1899 ஆம் ஆண்டிலும் பருவமழை பொய்த்தது. 'மழை பொய்ப்பதை முன்னரே அறிய இயலாதா?' என்னும் வினா எழுந்தது. 1904 ஆம் ஆண்டு இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கில்பர்ட் வாக்கர் என்பவர் கணித வல்லுநர். உலகத்தின் பல பகுதிகளிலிருந்து காற்றழுத்தக் கணக்குகளை வரவழைத்து, ஆண்டுக்கணக்காக ஒப்பிட்டுப் பார்த்தார். பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பகுதியில் அழுத்தம் ஏறினால் நம் பக்கத்தில் இறங்குவதும், அங்கே இறங்கினால் இங்கே ஏறுவதும், துலாவின் இரு தட்டுகளைப்போல நிகழ்வதைக் கண்டார். அதற்குத் 'தென்திசை அலைவு' என்று பொருள்படும் பெயரை இட்டார்.

தென்னமெரிக்காவின் பெரு நாட்டு மீனவர், கிறிஸ்துமஸ் காலத்தை ஒட்டிச் சில ஆண்டுகளில் தம் கடல் வெதுவெதுப்பாகி மீன் அகப்படாமற் போவதை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அதனைக் குழந்தை ஏசுவின் பெயரால் 'எல் நினோ' என்றனர். வாக்கர் கண்ட துலாவும், பெரு மீனவர் கண்ட வெதுவெதுப்பும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்பதை 1969 ஆம் ஆண்டு பியர்க்னஸ் என்னும் அறிஞர் விளக்கினார். தாது வருஷப் பஞ்சமும் அத்தகைய பெரிய எல் நினோ ஒன்றின் விளைவே என்று இன்று கணிக்கப்பட்டுள்ளது.

வழக்கமான ஆண்டுகளில் பசிபிக்கின் வெந்நீர் இந்தோனேசியாவின் பக்கம் குவிந்திருக்கும். வெந்நீரின் மேல்தான் பெருமேகங்கள் எழும். எல் நினோ ஆண்டில் அவ்வெந்நீர் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. மேகக்கூட்டமும் உடன் நகர்கிறது. இந்தோனேசியாவின் மேலும் நம் நாட்டின் மேலும் காற்று கீழ்நோக்கி அமுங்குகிறது, மழை குன்றுகிறது. இதற்கு எதிரான நிலைக்கு 'லா நினா' என்று பெயர்.

நம் கடலிலும் இத்தகைய ஊசல் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவை ஒட்டிய மேற்குப் பகுதியும், சுமத்ராவை ஒட்டிய கிழக்குப் பகுதியும் மாறி மாறிச் சூடேறுகின்றன. சாஜி, கோஸ்வாமி, வினயசந்திரன் ஆகிய இந்தியர் மூவரும், ஜப்பானியரான யமகாதாவும் 1999 ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். 'இந்தியப் பெருங்கடல் இருமுனை' என்பது அதன் பெயர். மேற்கு வெதும்பிக் கிழக்குக் குளிர்ந்தால் நேர்நிலை; மாறினால் எதிர்நிலை.

நம் மாவட்டத்தின் நிலை சற்று விந்தையானது. எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை தளர்வது பெரும்பான்மை. ஆனால் அதே ஆண்டில், ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை பெருகுவதும் பெரும்பான்மை. 2015 ஆம் ஆண்டு பெரிய எல் நினோ ஆண்டு. நாட்டின் தென்மேற்கு மழை வழக்கத்தில் 86 விழுக்காடே பெய்தது. அதே ஆண்டு டிசம்பர் முதல் நாளை ஒட்டி, ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, சென்னையும் அதனைச் சுற்றிய பகுதிகளும் வெள்ளக்காடாயின. அடுத்த 2016 ஆம் ஆண்டில் நம் கடலின் ஊசல் எதிர்நிலைக்குச் சென்றது. தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது.

இவ்விதிக்கு விலக்கும் உண்டு. 1997 ஆம் ஆண்டின் எல் நினோ மிகப் பெரியது. ஆயினும் நம் கடலின் ஊசல் வலுவான நேர்நிலையில் இருந்ததால், நாட்டில் தென்மேற்கு மழை வழக்கத்திற்குக் குறையவில்லை. ஆகவே இரண்டு கடல்களையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

கடலிலிருந்து காற்றுக்கு

கடல் மாறினால் மழை மாறும் என்பது நம்மவர்க்குப் புதிதன்று. ஓசோனும் மாறும் என்பதே புதிது. 1997 ஆம் ஆண்டு அதனை உலகிற்கு அறிவித்தது. அவ்வாண்டு இந்தோனேசியாவில் மழை பொய்த்ததால், சுமத்ரா, காலிமந்தான் தீவுகளின் காடுகளும் கரிச்சேற்று நிலங்களும் மாதக்கணக்கில் எரிந்தன. விண்ணிலிருந்து அளக்கும் கருவிகள், அப்பகுதியின் கீழ்வளியில் ஓசோன் வெகுவாக உயர்ந்ததையும், பசிபிக்கின் கிழக்குப் பகுதியில் அது குறைந்ததையும் காட்டின. ஓசோனிலும் வாக்கரின் துலா ஆடியது என்று கூறலாம். மிகுந்த ஓசோன் இந்தோனேசியாவோடு நிற்கவில்லை. இந்தியப் பெருங்கடலின்மேல் மேற்கு நோக்கிப் பரவியது. புகையும் ஓசோனும் ஒரே வேகத்தில் செல்லவில்லை என்பதும் காணப்பட்டது. ஆகவே புகையைக் கண்ணால் காணாத இடத்திலும் அதன் ஓசோன் வந்து சேரக்கூடும்.

அந்த உயர்வுக்குத் தீ மட்டும் காரணமன்று. மேகங்கள் விலகியதால், கடற்பரப்பின் தூய காற்று மேலே ஏறுவது நின்றது. மேலிருந்த ஓசோன் மிக்க காற்று கீழே இறங்கியது. நீராவி குறைந்ததால் ஓசோனைத் தின்பதும் குறைந்தது. தீ எரியாதிருந்தாலும் ஓரளவு உயர்வு இருந்தே தீரும் என்பது ஆராய்ச்சியாளரின் முடிவு.

நம் நாட்டின் நிலைமையை ஆராய்ந்து 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை ஒன்று, தென்மேற்குப் பருவமழை வலுவிழந்த ஆண்டுகளில் இந்தியாவின் கீழ்வளியில் ஓசோன் மிகுந்தும், வலுத்த ஆண்டுகளில் குறைந்தும் இருப்பதை எடுத்துக்காட்டியது. காரணம் முன்னர்க் கூறியதே: மேகமும் கடற்காற்றும் குறைந்தால் வெயிலும் புகையும் தம் வேலையைத் தடையின்றிச் செய்கின்றன. 2023 ஆம் ஆண்டை நினைத்துப் பார்ப்போம். எல் நினோ தலைதூக்கிய அவ்வாண்டின் ஆகஸ்டு மாதம், 1901 ஆம் ஆண்டிலிருந்து வைக்கப்பட்ட கணக்கில் நாட்டுக்கு மிக வறண்ட ஆகஸ்டாக அமைந்தது. ஓசோன் அடங்கவேண்டிய ஆவணியில் வானம் வெளிறிக் கிடந்தால், பங்குனிக் காற்று ஆவணி வரை நீளும் என்பதே இதன் பொருள்.

சுருங்கக் கூறின், கடல் மேடையை அமைக்கிறது. எரியும் புகை நம்முடையது. மேடையை மாற்ற நம்மால் இயலாது.

வயலில் நேர்வது

இலையின் நுண்துளைகள் வழியே பயிர் சுவாசிக்கிறது. அத்துளைகள் வழியே ஓசோனும் நுழைகிறது. காற்றில் நூறு கோடிப் பங்கில் 40 பங்கு என்னும் அளவை ஓசோன் தாண்டினால், பயிருக்குத் தீங்கு சேரத் தொடங்குவதாகப் பொதுவாகக் கணக்கிடுவர். நெற்பயிரில் வெளிக்குறி அதிகம் தோன்றாது. இலை விரைவில் முதிர்ந்து மணி சிறுக்கும். நிலக்கடலை, பயறு, அவரை வகைகள் ஓசோனைத் தாங்கும் ஆற்றல் குறைந்தவை. அவற்றின் இலைகளில் புள்ளிகளே தோன்றிவிடும். காசி இந்துப் பல்கலைக்கழகத்தார் கோதுமையையும் பாசிப்பயற்றையும் தனிக் கூண்டுகளில் வளர்த்து இத்தீங்கை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்துள்ளனர்.

புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தாரும் பிறரும் சேர்ந்து 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பின்படி, 2005 ஆம் ஆண்டில் ஓசோனால் நம் நாடு இழந்த கோதுமை ஏறத்தாழ 35 லட்சம் டன். நெல்லரிசி ஏறத்தாழ 21 லட்சம் டன். பருத்தி விளைச்சலில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவு இழப்பு. பருத்தியின் இழப்பு உழவரோடு நில்லாமல் நூல் விலையாக நெசவாளரிடமும் வந்து சேரும்.

இங்கே எதிர்பாராத செய்தி ஒன்று உண்டு. தண்ணீரின்றி வாடும் மானாவாரிப் பயிர், ஈரத்தைக் காக்கத் தன் நுண்துளைகளை மூடிக்கொள்கிறது. ஆகவே ஓசோன் உட்புகுவதும் குறைகிறது. கிணற்றுத் தண்ணீர் பெற்றுச் செழித்த பயிரோ துளைகளை அகலத் திறந்து வைத்திருக்கிறது. ஓசோனும் தாராளமாக நுழைகிறது. வறண்ட ஆண்டில் மானாவாரி உழவரைத் தாகம் தாக்குகிறது. பாசன உழவரை ஓசோன் தாக்குகிறது. 'கிணறு இருந்தும் கண்டுமுதல் ஏன் குறைந்தது?' என்னும் வினாவுக்கு இதுவும் ஒரு விடையாகலாம். நவரை நெல் கதிர்முற்றுவதும், இறவை நிலக்கடலை காய்பிடிப்பதும் ஓசோன் மிகும் பங்குனியை ஒட்டியே என்பதால், இச்செய்தி நம் வட்டாரத்திற்கு மிகவும் பொருந்தும்.

மேசைமேல் வைக்கப்பட்ட செடிக்கு வருவோம். டிக்கா என்னும் இலைப்புள்ளி நோயில் புள்ளி பெரியது, வட்டமானது, பெரும்பாலும் மஞ்சள் வளையம் சூழ்ந்தது. ஓசோன் புள்ளியோ ஊசிமுனை அளவினது. இலையின் மேற்புறத்தில், நரம்புகளைத் தவிர்த்து, முதிர்ந்த இலைகளிலே முதலில் தோன்றுவது. சிலந்திப்பேனின் சேதமும் இதைப் போலவே தோன்றும். ஆனால் அப்பொழுது இலையின் அடிப்புறத்தில் பேனோ நூலாம்படையோ காணப்படும். இவ்வேறுபாட்டை அறியாமல் பூஞ்சண மருந்து தெளித்தால், மருந்துச் செலவு மட்டுமே மிச்சம். வேளாண்மை அலுவலரிடம் இலையைக் காட்டித் தெளிந்த பின்னரே மருந்துக் கடைக்குச் செல்லவேண்டும்.

தறியில் நேர்வது

புடவையைப் பற்றி ஆராய்ந்தபொழுதுதான் நமக்குப் பெருவியப்பு உண்டாயிற்று. 1940-களிலும் 50-களிலும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ரப்பர்ப் பொருள்கள் விரைவில் வெடிப்பதைக் கண்டு, அந்த வெடிப்பின் ஆழத்தைக் கொண்டே காற்றிலுள்ள ஓசோனை அளந்தனர். வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்தே அவ்வோசோன் உண்டாகிறது என்பதை 1952 ஆம் ஆண்டை ஒட்டி ஹாகன்ஸ்மித் என்னும் அறிஞர் நிலைநாட்டினார். 1955 ஆம் ஆண்டு, துணிச் சாயங்கள் வெயிலின்றியே வெளுப்பதற்கும் ஓசோன் காரணமாகும் என்று கண்டறியப்பட்டது. சிறப்பாக நீலச் சாயங்கள் சில எளிதில் பாதிக்கப்பட்டன. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க கடலோரப் பகுதிகளில் இவ்வெளுப்பு கூடுதலாகக் காணப்பட்டது. நம் பகுதியும் கடலிலிருந்து 50 கிலோமீட்டர் அளவில் உள்ளதே.

இயற்கைச் சாயத்திற்கும் விலக்கில்லை. திண்டிவனம் பக்கத்தில் இன்றும் பயிராகும் அவுரியிலிருந்து எடுக்கும் நீலத்தை ஓசோன் தாக்கி, நீலமற்ற வேறொரு பொருளாக மாற்றிவிடுவதை 1980-களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நிறுவினர். மஞ்சளின் நிறமும் அவ்வாறே ஓசோனால் குன்றுகிறது.

ஓசோனால் வெளுக்கும் துணிக்கு ஓர் அடையாளம் உண்டு. காற்று படும் விளிம்பு வெளுக்கும். காற்றுப் புகாத உள்மடிப்பு பிழைக்கும். சாயம் சரியாகப் பற்றாத துணியோ, துவைக்கும்பொழுது எங்கும் ஒன்றுபோல நிறம் விடும். நம் மேசைமேல் இருந்த புடவையை ஒரு பாதி துவைத்துப் பார்த்தோம். நீரில் நிறம் இறங்கவில்லை. ஒரு புடவையை மட்டும் கண்டு ஓசோனே குற்றவாளி என்று தீர்ப்பு எழுத நாம் துணியமாட்டோம். ஆனால் சாயம் தோய்த்தவர் குற்றவாளி என்று எழுதுவதற்கு அதைவிடக் குறைந்த ஆதாரமே உள்ளது. அவருடைய கூலியை நிறுத்துவது முறையன்று என்பதே நம் பரிந்துரை. ஓசோனைத் தாங்கும் சாயம் வேண்டும் என்று நாம் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேளாததைக் கொடுக்கவில்லை என்று எவரையும் தண்டிக்கலாகாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வானிலைத் துறை ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் வெளியிடும் பருவமழை அறிக்கையில் எல் நினோவின் நிலையும், நம் கடலின் இருமுனை நிலையும் கூறப்படுகின்றன. அவ்வறிக்கையைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி வைக்கவேண்டும். எல் நினோ எதிர்பார்க்கப்படும் ஆண்டில், சொர்ணவாரிப் பட்டத்தில் வெயிலும் ஓசோனும் நீளக்கூடும் என்றும், ஐப்பசியில் வெள்ளம் வரக்கூடும் என்றும் முன்னரே எண்ணி, ஏரிக் கலங்கலையும் வரத்துக் கால்வாயையும் செப்பனிட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வைக்கோலின் தாள், கரும்புச் சோகை, கடலைக் கொடி ஆகியவற்றை எரிப்பதை நிறுத்தவேண்டும். கடலைக் கொடி மாட்டுக்கு நல்ல தீவனம்; சோகையும் தாளும் மட்கினால் நிலத்துக்கு உரம். பங்குனி வெயிலில் எரிக்கப்படும் ஒவ்வொரு குவியலும் அண்டை வயலின் இலைக்குப் போய்ச் சேரும் ஓசோனின் விதையாகும்.

மூன்றாவது, சாயமிட்ட நூலையும் நெய்த புடவையையும் திறந்த அலமாரியில் வைக்காமல், தூய பருத்தித் துணியில் சுற்றி, மூடிய பெட்டியிலோ கதவுள்ள அலமாரியிலோ வைக்கவேண்டும். மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றவேண்டும். கிடங்கின் சன்னல்களைப் பிற்பகலில் மூடி வைப்பது நன்று. ஓசோன் மிகுவது அந்நேரத்திலேதான்.

நான்காவது, சாயம் வாங்கும்பொழுது வெயில் தாங்கும் அளவு, துவைப்புத் தாங்கும் அளவு ஆகியவற்றைக் கேட்பதுபோல, ஓசோன் தாங்கும் அளவையும் கேட்கவேண்டும். அதற்கென உலகத் தர அமைப்பு வகுத்த சோதனை முறை உண்டு. கேட்பவர் பலரானால் விற்பவர் சொல்லித்தான் ஆகவேண்டும். தனி நெசவாளர் கேட்டால் எழாத விடை, சங்கம் கேட்டால் எழும்.

ஐந்தாவது, ஒவ்வொரு சாயத் தோய்ப்பிலும் இரண்டு முழ நூலை எடுத்து, ஒன்றை மூடிய டப்பாவிலும் மற்றொன்றை நிழலில் காற்றுப் படும்படியும் தொங்கவிட்டு, மாதந்தோறும் ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதலாம். செலவு காலணாவும் ஆகாது. இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால், எல் நினோ ஆண்டில் எந்த நீலம் நின்றது, எது ஓடியது என்று நாமே கூறலாம். உழவர்களும் அதே குறிப்பேட்டில் இலைப்புள்ளி கண்ட நாளையும், வானத்தின் நிலையையும் எழுதட்டும். பள்ளி மாணவர் உதவியோடு, பொட்டாசியம் அயோடைடும் கஞ்சியும் தோய்ந்த காகிதம் கொண்டு ஓசோனைத் தோராயமாக அறியலாம். ஓசோன் பட்டால் அது நீலமாகும். ஈரப்பதத்தால் அளவு மாறுமாதலால், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

இவ்வூர் கணக்கெழுதும் பழக்கத்தை வெளியூரிலிருந்து கற்கவேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில், நம் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்ட சாசனங்கள், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் நடத்திய முறையைக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவர் மறுபடியும் வாரியத்தில் அமர இயலாது என்பது அன்றைய விதி. வயிரமேகத் தடாகத்தின் நீரை ஊர் கூடிக் காத்தது. இன்று நீரோடு காற்றையும் காக்கவேண்டிய காலம் வந்திருக்கிறது. உழவரும் நெசவாளரும் ஒரே சங்கத்தில் இருப்பதன் பயன், ஒருவருடைய நட்டத்தில் மற்றவருடைய நட்டத்திற்கும் காரணம் தேட இயல்வதேயாகும்.

குறிப்பேடு ஒன்று வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. முதற் பக்கத்தில் அந்த நீலப் புடவையின் நூலும், அந்த நிலக்கடலை இலையும் ஒட்டப்பட்டுள்ளன. சாயம் தோய்த்தவர் கூலியைப் பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவு எடுக்கப்படும். உறுப்பினர்கள் யாவரும் தவறாது வருகை தந்து, தம் கருத்தைக் கூறும்படி வேண்டிக்கொள்ளுகிறோம்.